சிறிய நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி: எந்தக் கழுத்துப்பட்டை பாதுகாப்பானது?

மலைக்கோட்டைவாசி (திருச்சி) – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயதுள்ள வெள்ளை நாய் ஒன்று இருக்கிறது. பொமரேனியன் என்று சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். எடை 3.8 கிலோ. தையல் நாடாவால் அளந்தபோது கழுத்துச் சுற்றளவு 23 சென்டிமீட்டர் இருந்தது. உட்கார், இரு, வா, பக்கத்தில் நட என்னும் நான்கையும் கற்பிப்பதற்காக வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் ஒருவரை அமர்த்தினோம். அவர் முதல் நாளே சோக் செயின், அதாவது கயிற்றை இழுத்தால் கழுத்தில் இறுகும் சங்கிலிப் பட்டை, வாங்கிவரச் சொன்னார். வாங்கினோம்.

மூன்றாம் நாள் மாலை, நாய் முன்னால் ஓடியபோது அவர் செயினை ஒரு முறை சுண்டி இழுத்தார். அதன்பின் நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு, வாத்து கத்துவதைப் போன்ற ஒலியுடன் ஒரு நிமிடம் வரை இருமியது. "பழகிவிடும்" என்றார் அவர். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. செயினையும் அதன் கொக்கியையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 150 கிராம். நாயின் எடையில் அது ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு. அறுபது கிலோ எடையுள்ள நான், இரண்டேகால் கிலோவுக்கு மேல் இரும்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

பயிற்சியை நிறுத்த எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருவில் வண்டிகள் அதிகம். அழைத்தால் வரவும், பக்கத்தில் நடக்கவும் அது கட்டாயம் கற்றாக வேண்டும். இவ்வளவு சிறிய நாய்க்கு எந்தப் பட்டையைப் போட்டுப் பயிற்சி தருவது சரி என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


கால்நடைமருத்துவர் (மதுரை)

அம்மா, முதலில் அந்தச் செயினை இன்றே கழற்றிவிடுங்கள். மற்றவற்றை அதன்பின் பேசலாம்.

நீங்கள் சொல்லும் ஒலியைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மூச்சுக்குழல் தட்டையாகும் நோய். நாயின் மூச்சுக்குழல், ஆங்கில எழுத்தான 'சி'யைப் போன்ற குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக அமைந்து உருவானது. வளையத்தின் திறந்த பகுதியை மேற்புறத்தில் ஒரு மெல்லிய தசைச்சவ்வு மூடியிருக்கும். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில், மால்ட்டீஸ் போன்ற சிற்றினங்களில் பலவற்றுக்கு இந்தக் குருத்தெலும்பு நாளாக நாளாக வலுவிழந்து, மூச்சை இழுக்கும்போதோ விடும்போதோ குழல் தட்டையாகிறது. உட்குழிவு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தால் முதல் நிலை என்றும், பாதி என்றால் இரண்டாம் நிலை என்றும், முக்கால் என்றால் மூன்றாம் நிலை என்றும், முழுவதும் அடைபட்டதைப் போல ஆனால் நான்காம் நிலை என்றும் வகைப்படுத்துகிறோம்.

கழுத்துப்பட்டைதான் இந்நோயை உண்டாக்குகிறது என்று சொல்வது சரியன்று. குறை குருத்தெலும்பில் இருக்கிறது. ஆனால் வலுவிழந்த குழலின் மேல் வெளியிலிருந்து விழும் ஒவ்வோர் அழுத்தமும் இருமலைத் தூண்டுகிறது, இருமல் குழலின் உட்சவ்வைப் புண்ணாக்குகிறது, அந்தப் புண் மறுபடி இருமலைத் தூண்டுகிறது. உடற்பருமன், வெயில், மிகுந்த பரபரப்பு, வீட்டில் எரியும் கொசுவர்த்தியின் புகை, சாம்பிராணிப் புகை ஆகியவையும் இதே சுழற்சியை முடுக்கிவிடும்.

சிற்றினங்களில் எனக்கு இதைவிடக் கூடுதல் அச்சம் தருவது வேறொன்று. கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் இணைப்பு இவற்றில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே உறுதியற்று இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட நாயின் கழுத்தை ஒரு முறை வேகமாகச் சுண்டினால், தண்டுவடம் நசுங்கி நான்கு கால்களும் செயலிழக்கும் ஆபத்து உண்டு. கண்ணையும் மறக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 26 நாய்களுக்குக் கழுத்துப்பட்டை வழியாக அழுத்தம் கொடுத்தபோது கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்தது. கழுத்தை விட்டு மார்பைச் சுற்றி மாட்டும் மார்புப்பட்டை (ஹார்னஸ்) வழியாகக் கொடுத்தபோது அவ்வாறு உயரவில்லை. பக், ஷிட்சு, பீக்கினீஸ் போன்ற துருத்திய கண்ணுள்ள இனங்களை வளர்ப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருமலுக்குத் தொற்றும் காரணமாக இருக்கலாம், இதயநோயும் காரணமாக இருக்கலாம். ஆகவே நேரில் காட்டுங்கள். எக்ஸ்ரே ஒரு நொடியின் நிலையை மட்டுமே காட்டுவதால் சில வேளைகளில் தட்டையாதல் அதில் தப்பிவிடும். மூச்சின் அசைவோடு பார்க்கும் ஃபுளூரோஸ்கோப்பி வசதி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.


களப்பயிற்றுநர் (சென்னை)

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அல்சேஷன், லாப்ரடார், டாபர்மேன் ஆகியவற்றுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். மருத்துவர் சொன்னதை மறுக்கவில்லை. நான்கு கிலோ நாய்க்குச் செயின் போடச் சொன்னது தவறு. என் தொழிலைச் செய்பவர் ஒருவர் அப்படிச் சொன்னதற்காக வருந்துகிறேன்.

ஆயினும் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செயின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதற்காக ஏற்பட்டதன்று. வளையம் ஓடும் ஒலியைக் கேட்டு நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அந்த நொடியே அது தளர்ந்துவிட வேண்டும் என்பதுதான் பழைய முறை. நாய் நமது இடப்பக்கம் நடக்கும்போது, எதிரில் நின்று பார்ப்பவருக்கு ஆங்கிலப் 'பி' (P) எழுத்தைப் போலத் தெரியும்படி மாட்டினால்தான் அது தானாகத் தளரும். திருப்பி மாட்டினால் இறுகியபடியே நின்றுவிடும். இன்று பாதிப்பேர் திருப்பித்தான் மாட்டுகிறார்கள்.

என் ஐயம் மார்புப்பட்டையைப் பற்றியது. பனிப்பிரதேசங்களில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு அதைத்தானே பூட்டுகிறார்கள்? இழுப்பதற்கு வசதியான ஒன்றை மாட்டிவிட்டு, இழுக்காதே என்று எப்படிக் கற்பிப்பது? மேலும், போட்டிக் களத்தில் இறங்க விரும்புபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் படித்த அமெரிக்கக் கென்னல் கிளப்பின் கீழ்ப்படிதல் விதிகளின்படி, களத்தில் நாய் சரியாகப் பொருந்திய கழுத்துப்பட்டை அணிந்திருக்க வேண்டும். முள் பதித்த பட்டைகளுக்கு அனுமதியில்லை, பட்டையிலிருந்து எதுவும் தொங்கவும் கூடாது. மார்புப்பட்டையிலேயே பழகிய நாய் அங்கே போய்த் திகைத்து நிற்காதா?


வாலசைவு (கோயம்புத்தூர்)

ஐயா, உங்கள் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. நான் பெரும்பாலும் ஆறு கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கே பயிற்சி தருகிறேன் என்பதால் சற்று விரிவாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

சிறிய நாயிடம் நாம் மறந்துவிடும் முதல் செய்தி உயரம். லாப்ரடாரின் கழுத்து நம் முழங்காலுக்கு மேல் இருக்கும்; அதை இழுக்கும் கயிறு சாய்வாகப் பின்னோக்கி இழுக்கும். இந்த வெள்ளை நாயின் கழுத்தோ நம் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. கையிலிருந்து இறங்கும் கயிறு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்பதால், நாம் சிறிது கையை உயர்த்தினாலே முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பி, உடலின் எடையில் ஒரு பங்கு தொண்டையில் தொங்குகிறது. நாம் அதை இழுத்ததாகவே உணர மாட்டோம். பெரிய நாய்க்கு எழுதப்பட்ட பயிற்சி முறையை அளவு குறைத்துச் சிறிய நாய்க்குப் பொருத்த முடியாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

அகலமான, மெத்தை வைத்த பட்டையாக வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எட்டு வகைக் கழுத்துப்பட்டைகளை ஒரு மாதிரிக் கழுத்தில் பொருத்தி, வெவ்வேறு விசையில் இழுத்து, அழுத்தத்தை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். நாய் இழுக்கும் நிலையில் காயத்துக்கான வாய்ப்பை நீக்கும் அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்த பட்டை அவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஆகவே, கயிறு விறைக்கும்போது அந்த விசை உடலின் எந்தப் பகுதியில் போய் விழுகிறது என்பதைத்தான் நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும்; பட்டையின் வகை அதற்கு அடுத்த கேள்வி. கற்றுக்கொள்ளும் காலத்தில் கயிறு விறைக்காமல் இராது. அந்தக் காலம் முழுவதும் கயிறு மார்புப்பட்டையில் இருக்கட்டும்.

வண்டி இழுக்கும் நாய்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றுக்கு இழுக்கக் கற்பிக்கிறார்கள், இழுத்தால் முன்னே போக விடுகிறார்கள். வீட்டு நாயும் இழுத்த போதெல்லாம் தான் விரும்பிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்தால், எந்தப் பட்டை போட்டிருந்தாலும் இழுக்கத்தான் செய்யும். கயிறு விறைத்த நொடியில் நான் நின்றுவிடுகிறேன். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடக்கிறேன். குனிந்து குனிந்து தீனி கொடுத்தால் நமக்கு முதுகு வலிக்கும், நாயும் நம் கையைப் பார்த்துத் துள்ளும். அதனால் நீண்ட காம்புள்ள மரக்கரண்டியின் நுனியில் சிறிது கெட்டித் தயிரைத் தடவி, என் இடது கணுக்காலுக்கு அருகில் நாயின் மூக்கு உயரத்தில் பிடித்தபடி நடப்பேன். நான்கைந்து அடி சரியாக நடந்தால் நக்கக் கிடைக்கும். வேகவைத்த கோழியாக இருந்தால் பாதிக் கொண்டைக்கடலை அளவு போதும். சிறிய வயிறு விரைவில் நிறைந்துவிடும், எடையும் கூடிவிடும். ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. கயிறு 1.8 மீட்டர் இருக்கட்டும், குறுகிய கயிறு வேண்டாம்.

களத்துக்கான பதில்: மார்புப்பட்டையில் பழகும் அதே நாள்களில், கயிறு மாட்டாத மெல்லிய கழுத்துப்பட்டை ஒன்றையும் அணிவித்திருப்பேன். பட்டைக்குள் ஒரு விரலை நுழைத்தால் தீனி, பட்டையை மெல்லத் தொட்டால் தீனி என்று அதற்கும் தனியே பழக்கம் தருவேன். நாய் தளர்ந்த கயிற்றில் நூறு அடி நடக்கக் கற்ற பிறகு கொக்கியைக் கழுத்துப்பட்டைக்கு மாற்றினால், அதற்கு வேறுபாடே தெரிவதில்லை. ஏனென்றால் கயிறு அதனிடம் எதுவும் பேசுவதில்லை.

செயினைப் பற்றியும் ஒரு சொல். தண்டனை முறைப் பயிற்சியில் சோக் செயினால் கழுத்து நெரிக்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்றுக்கு மூளை கடுமையாகச் சிதைந்த நிகழ்வு 2013இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பெரிய நாய்க்கும் அது பாதுகாப்பான கருவி என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை, ஐயா.


தோல்வினைஞர் (ஆம்பூர்)

நான் நாய் வளர்ப்பதில்லை. தோல் பொருள்கள் தைப்பவன். கழுத்துப்பட்டைகளும் தைத்துத் தருகிறோம். வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை என் தொழில் அறிவிலிருந்து சொல்கிறேன்.

பட்டையின் நிறத்தை விட்டுவிட்டு கயிற்றுக் கொக்கியை மாட்டும் டி (D) வடிவ வளையத்தைப் பாருங்கள். வளையத்தைப் பிடித்திருக்கும் மடிப்பு தையலால் நிற்கிறதா, ஒற்றை ரிவெட்டால் நிற்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒற்றை ரிவெட் ஒரு நாள் தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இரும்பின் மேல் நிக்கல் பூசிய வளையம் நம் ஊர் ஈரத்தில் சில மாதங்களில் துருப்பிடித்து வெள்ளை முடியில் கறை ஏற்றும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் நாள்பட நாயின் கழுத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும், ஆனால் நனைந்தால் சாயம் இறங்கும். அடிக்கடி குளிப்பாட்டும் வீட்டுக்கு நைலான் பட்டையே எளிது. அதன் விளிம்பு மட்டும் கூர்மையாக வெட்டப்பட்டிருக்கக் கூடாது. உங்கள் முன்கையின் உட்புறத்தில் விளிம்பை நான்கைந்து முறை தேய்த்துப் பாருங்கள். அங்கே எரிச்சல் எடுத்தால் நாயின் கழுத்திலும் எடுக்கும்.

நீண்ட முடியுள்ள நாய்களுக்கு முடி சிக்காமல் இருக்க உருட்டித் தைத்த தோல் பட்டையைப் பலர் கேட்கிறார்கள். முடிக்கு அது நல்லதுதான். ஆனால் உருண்டையான பட்டை கழுத்தில் ஒரு கோடாக மட்டுமே பதியும். இழுவை முழுவதும் அந்தக் கோட்டில் இறங்கும். ஆகவே அதைப் பெயர்வில்லை மாட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், கயிறு கட்டாதீர்கள் என்று சொல்லித்தான் விற்கிறேன். நான்கு கிலோ நாய்க்குத் தட்டையான பட்டையாக ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் நான் தருவது. அதைவிட அகலமானால் தாடை அசையும்போது இடிக்கிறது.

கொக்கியின் எடையையும் கேளுங்கள். மாட்டுக்குப் போடும் அளவுள்ள கொக்கியைச் சிறிய கயிற்றில் கோத்து விற்கிறார்கள். அது நாயின் தாடையில் மோதியபடியே இருக்கும்.


மலைக்கோட்டைவாசி

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தேன். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழலின் கழுத்துப் பகுதி சிறிது ஒடுங்கியிருப்பதாகவும், முதல் நிலையாக இருக்கலாம் என்றும் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது. அரைக் கிலோ எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொன்னார்: இது பொமரேனியன் அன்று, இந்தியன் ஸ்பிட்ஸ், தமிழ்நாட்டு வீடுகளில் 'பாம்' என்று அழைக்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை இவைதாம் என்றார். எங்களுக்கு அதனால் எந்த வேறுபாடும் இல்லை.

ஒரு கேள்வி. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்கிறார்கள். எங்கள் நாய்க்கு இரண்டு விரல் நுழையும்படி விட்டால் தலை வழியே கழன்றுவிடுகிறது.


கால்நடைமருத்துவர்

இரண்டு விரல் என்பது நடுத்தர நாய்க்கான அளவு. உங்கள் நாய்க்கு ஒரு விரல் தாராளமாக நுழைந்தால் போதும். ஸ்பிட்ஸின் கழுத்து முடி அடர்த்தியானது. பட்டை அதற்குள் புதைந்துவிடுவதால் இறுக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முடியை விலக்கி, தோலின் மேல் பட்டை படியும் இடத்தில் விரலை நுழைத்து அளக்க வேண்டும். வளரும் குட்டியாக இருந்தால் வாரம் ஒரு முறை இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் கழற்றாமல் விட்ட பட்டை சதைக்குள் புதைந்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கழற்றும்போதே அடியில் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மார்புப்பட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தக்கதன்று. முன்புறம் மார்பெலும்பின் மேல் ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போல இறங்குவதைத் தேர்ந்தெடுங்கள். தோள்களின் குறுக்கே கிடைமட்டமாகச் செல்லும் பட்டை கால் வீச்சைத் தடுக்கும். 'ஒய்' வடிவமும்கூடத் தோளின் நீட்சியை ஓரளவு குறைப்பதாக 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆகவே நடைக்கும் பயிற்சிக்கும் மட்டும் மாட்டி, வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். முன்னங்காலின் அக்குளில் உரசாமல் இருக்க அங்கே ஓரிரு விரல் இடைவெளி வேண்டும்.


கடற்கரைச்சாலை (புதுச்சேரி)

எங்கள் சிவாவாவின் தலை உருண்டை, கழுத்து ஏறத்தாழ அதே அளவு. வெடிச்சத்தம் கேட்டுப் பின்வாங்கியதில் சாதாரணப் பட்டையிலிருந்து நழுவிச் சாலையில் ஓடிவிட்டது. கடவுள் அருளால் பிழைத்தது. அதன்பின் மார்ட்டிங்கேல் வகைக்கு மாறினோம். தலை சிறுத்துக் கழுத்து பருத்த கிரேஹவுண்டு போன்ற நாய்களுக்குப் பயன்படும் பட்டை அது, ஓர் எல்லைக்கு மேல் இறுகாது. முழுவதும் இறுகிய நிலையிலும் காதுகளுக்குப் பின்னுள்ள கழுத்தின் அளவுக்குக் குறையாதபடி சரிசெய்ய வேண்டும். நாங்கள் அதைத் தனியே பயன்படுத்துவதில்லை. மார்புப்பட்டையில் ஒரு கயிறு. அது நழுவினால் பிடித்துக்கொள்வதற்காக மார்ட்டிங்கேலுக்கு ஒரு சிறிய இணைப்பு. இரண்டாவது எப்போதும் தளர்ந்தே இருக்கும்.


முற்றத்துவேம்பு (தஞ்சாவூர்)

இதை எழுதுவது எனக்கு எளிதன்று. எங்கள் வீட்டில் இரண்டு குட்டிகள் இருந்தன. முற்றத்தில் விளையாடும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் கழுத்துப்பட்டைக்குள் மாட்டிக்கொண்டது. பயந்துபோய் அது உருள, பட்டை முறுக்கிக்கொண்டு இன்னொன்றின் மூச்சை நிறுத்திவிட்டது. பட்டையில் பெல்ட்டைப் போன்ற பழைய ஊசிப் பக்கிள் இருந்தது. முறுக்கிய நிலையில் அதைக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாய்கள் சேர்ந்து விளையாடும்போது கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. கூண்டில் அடைக்கும்போதும் அப்படியே. பெயர்வில்லை இருந்தே ஆக வேண்டும் என்றால், இழுவை கூடும்போது தானே திறந்துகொள்ளும் பட்டை கிடைக்கிறது. ஆனால் அதில் கயிறு மாட்டி நடத்தாதீர்கள், சாலையில் திறந்துகொள்ளும். இரண்டு வளையங்கள் உள்ள வகையானால் இரண்டையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினால்தான் திறக்காமல் நிற்கும். கத்தரிக்கோல் ஒன்றை இப்போது முற்றத்துத் தூணிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.


களப்பயிற்றுநர்

அம்மா, உங்கள் துயரத்துக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். என் மாணவர்கள் அனைவருக்கும் நாளையே இதைச் சொல்லப்போகிறேன்.

கோயம்புத்தூர்ச் சகோதரிக்கு: மரக்கரண்டியை என் அண்டை வீட்டு டாஷ்ஹண்டிடம் பத்து நாள்களாகச் செய்து பார்த்தேன். பக்கத்தில் நடக்கிறது. கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. பெரிய நாய்களைப் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, அதைத் தனி இழையில் பேசுவோம். ஆனால் பத்து கிலோவுக்குக் குறைந்த நாயை அழைத்துக்கொண்டு வருபவர்களிடம் இனிச் செயின் கேட்க மாட்டேன்.

வீட்டு வாசலில் நாளெல்லாம் கனத்த சங்கிலியில் கட்டிப்போடுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.


மலைக்கோட்டைவாசி

ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. எடை இப்போது 3.5 கிலோ. 'ஒய்' வடிவ மார்புப்பட்டையும், ஆம்பூர் ஐயா சொன்னபடி தேர்ந்தெடுத்த ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலமுள்ள நைலான் பட்டையும் பயன்படுத்துகிறோம். கொக்கியுடன் சேர்த்து நைலான் பட்டையின் எடை 22 கிராம். பழைய பயிற்றுநரிடம் விவரத்தைச் சொல்லி நன்றி கூறி அனுப்பிவிட்டோம். சாம்பிராணியை மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டார் என் மாமியார். வாத்து ஒலி கடந்த இருபது நாள்களில் ஒரே ஒரு முறை, விருந்தினர் வந்த பரபரப்பில் கேட்டது.

நேற்று முதன்முறையாகக் கொக்கியைக் கழுத்துப்பட்டைக்கு மாற்றி, வாசலிலிருந்து தெருமுனை மாவு மில் வரை நடந்தோம். போகும்போது கயிறு ஒரு முறைகூட விறைக்கவில்லை. திரும்பும்போது பூனை ஒன்று குறுக்கே ஓடியது. உடனே குனிந்து கொக்கியை மறுபடி மார்புப்பட்டைக்கு மாற்றிவிட்டேன். பூனை வரும் தெருவில் எப்படிப் பழக்குவது என்பதை அடுத்துக் கேட்கிறேன்.


வாலசைவு

மாற்றியது சரி. பூனை எந்தத் தொலைவில் இருக்கும்போது அது இன்னும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறது என்பதை இந்த வாரம் அடிகளில் எண்ணிக் குறித்து அனுப்புங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.